உறக்கத்தில் வந்த நெருப்பு

மதீனாவில் ஒரு வீடு இரவு வேளையில் தீப்பற்றி, உள்ளே இருந்தவர்களோடு எரிந்து போயிற்று. செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. நெருப்பு மனிதனுக்குப் பகை என்றும், உறங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அன்னார் எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வகுப்பில் இந்த ஹதீஸைப் படிக்கும் மாணவர்கள் குப்பி விளக்கை மட்டும் நினைத்துக்கொண்டு கடந்து போவதுண்டு. சொந்த வீட்டில் நாமே எழுந்து விளக்கை அணைத்துவிடலாம். விடுமுறைக்குப் போன இடத்தில், முன்பின் அறியாத ஹோட்டலில் பிள்ளைகளோடு படுத்துறங்கும் இரவில் அந்த வேலை யாருடையது?

துருக்கியின் போலு மாகாணத்தில் கார்தால்காயா என்று ஒரு மலைத்தலம் உண்டு. பனிச்சறுக்கு விளையாட வருவோருக்கான சில ஹோட்டல்கள்தாம் அங்கே ஊர். 2025 ஜனவரியில் பாடசாலை விடுமுறை தொடங்கியதும் பல குடும்பங்கள் பிள்ளைகளோடு அங்கே போய்ச் சேர்ந்தன. 21ஆம் திகதி அதிகாலை மூன்றரை மணியளவில், 12 மாடிகள் கொண்ட கிராண்ட் கார்தால் ஹோட்டலின் நான்காம் மாடியில், உணவுச்சாலைப் பகுதியில் தீ மூண்டது. கட்டடத்தின் வெளிப்புறத்தில் மரப்பலகை பதித்திருந்தார்கள். தீ அதைப் பற்றிக்கொண்டு மேலேறியது. புகையோ படிக்கட்டு வழியாக அதற்கு முன்பே மேல்மாடிகளை நிறைத்துவிட்டது.

உயிர் தப்பியவர்கள் பலரும் சொன்ன ஒரு விடயம் நெஞ்சை உறுத்துகிறது. அபாய மணி ஒலிக்கவே இல்லை. அலறல் கேட்டும் புகை நெடியிலும்தான் விழித்தார்கள். தீ மூண்டால் தானாகவே நீர் தெளிக்கும் குழாய் அமைப்பும் அங்கே இருக்கவில்லை. ஹோட்டலின் பின்புறம் மலைச்சரிவு என்பதால் அந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி நெருங்க முடியவில்லை. சிலர் படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியே இறங்கினார்கள். சிலர் குதித்தார்கள். 78 பேர் மௌத்தானார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாக்கள் அடக்கப்படும் முன்பே, ஹோட்டலைப் பரிசோதிக்க வேண்டியது யார் என்ற சர்ச்சை தொடங்கிவிட்டது. சுற்றுலா அமைச்சு நகரசபையைக் கைகாட்டியது. நகரசபை அமைச்சைக் கைகாட்டியது. நீதிமன்றம் 2025 ஒக்டோபர் 31இல் தீர்ப்பளித்து, 11 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உரிமையாளரும் குடும்பத்தினரும் நிர்வாகிகளும் மாத்திரமல்ல, நகரசபையின் துணை மேயரும் தீயணைப்புப் பிரிவின் துணைப் பொறுப்பாளரும் அதில் அடங்குவர்.

'தீ வைத்தது அவர்கள் அல்லவே, இது விபத்துத்தானே' என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். பிக்ஹு நூல்களில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. பொதுப்பாதையில் அனுமதியின்றி ஒருவன் கிணறு தோண்டுகிறான். இருட்டில் யாரோ ஒரு வழிப்போக்கர் விழுந்து இறக்கிறார். தோண்டியவன் அவரைத் தள்ளவில்லை. அந்த நேரத்தில் அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆயினும் நஷ்டஈட்டுக்கு அவனே பொறுப்பு என்கிறார்கள் இமாம்கள். தவறுதலாக நேர்ந்த கொலைக்குக்கூட, குடும்பத்தார் மன்னித்தாலன்றி, தியத் உண்டு. குற்ற நோக்கம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காத ஒரு விசாரணையும் வரலாற்றில் உண்டு. பிரித்தானியாவுக்கு அருகே ஐல் ஒஃப் மேன் தீவில் டக்ளஸ் என்ற கடற்கரை உல்லாச நகரத்தில், 1971இல் சமர்லாந்து என்ற பெரும் பொழுதுபோக்கு மண்டபம் திறக்கப்பட்டது. கண்ணாடி போலத் தோன்றும் பிளாஸ்டிக் தகடுகளால் அதன் கூரையை அமைத்திருந்தார்கள். 1973 ஓகஸ்ட் 2ஆம் திகதி மாலை, வெளியே இருந்த கைவிடப்பட்ட ஒரு சிறு கூண்டுக்குள் சில சிறுவர்கள் சிகரட் புகைத்ததில் தீ பிடித்தது. அது சுவருக்குள் புகுந்து, பின்னர் கூரையையும் பற்றியது. உள்ளே சுமார் 3000 பேர் இருந்தார்கள். வெளியேறும் கதவுகள் சில பூட்டிக் கிடந்தன. தீயணைப்புப் படையை அழைக்கவே ஏறத்தாழ இருபது நிமிடங்கள் சென்றன. 50 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவோ இதில் வில்லன்கள் எவரும் இல்லை என்று அறிக்கையை முடித்தது. வில்லன் இல்லாமல் இருக்கலாம். கதவைப் பூட்டிய கை ஒன்று இருந்ததே!

அந்தச் சம்பவத்தில் தாய்மார் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. பெற்றோர் ஒரு தளத்திலும் பிள்ளைகள் வேறு தளத்திலுமாக இருந்த குடும்பங்கள் பல. எல்லோரும் படியில் இறங்கிக்கொண்டிருக்க, பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில் ஏறியவர்கள் இருந்தார்கள். ஜொனதன் சைம் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து, ஆபத்தில் மனிதன் அருகிலுள்ள வாசலை நாடுவதைவிடத் தன் உறவை நாடியே ஓடுகிறான் என்று எழுதினார். பெற்றவளுக்கு இதை ஆராய்ச்சி செய்து சொல்லத் தேவையில்லைதான். ஆனால் அறை எடுக்கும்போது அது நினைவில் இருக்கட்டும். சிறு பிள்ளைகளை வேறு மாடியில் படுக்க வைக்காதீர்கள். போய்ச் சேர்ந்தவுடன் பைகளை வைத்துவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணச் சொல்லுங்கள். புகையில் கண் தெரியாது, அந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும். லிஃப்டில் ஏறக் கூடாது. புகை மேலே நிற்கும் என்பதால் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும். வெளியே வழியில்லையென்றால் அறைக்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் நனைத்த துவாயைத் திணித்துவிட்டு ஜன்னலருகே நின்று உதவி கேட்க வேண்டும்.

தலையை மூட ஒன்றும் கிடைக்காத நிலையில், அந்நிய ஆண்கள் முன்னால் எப்படி வெளியே ஓடுவது என்று பெண்கள் தயங்கக்கூடும். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் தடுக்கப்பட்டதும் அனுமதியாகிறது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதி. பர்தாவைத் தேடி ஒரு நொடியும் நிற்கக் கூடாது. தீயணைப்பு வீரர் தூக்கி இறக்கினால் மறுக்கவும் கூடாது. படுக்கும்போதே தலைமாட்டில் ஓர் அபாயாவையும் சிறு டோர்ச் ஒன்றையும் வைத்துக்கொண்டால் அந்தத் தயக்கத்துக்கே இடமிராது.