மும்பைக்கு இரவுச் சாலை: அன்றும் இன்றும்

திட்டமிடாத பயணத்துக்கு இரவுதான் நேரம். பகலில் ஆபீஸ் இருக்கிறது, வீடு இருக்கிறது, ஏன் எங்கே என்று கேட்க ஆள் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவி மொட்டை மாடியில் பேச்சு நீளும்போது ஒருவன், “பம்பாய் வரைக்கும் வண்டியிலேயே போனா என்ன மச்சான்?” என்பான். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் வண்டி பூந்தமல்லியைத் தாண்டியிருக்கும்.

1990களில் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் குடியிருந்த எங்களுக்கு இது நடந்தது. இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. கிளம்பும் ஆசையில் மாற்றமே இல்லை. அந்தச் சாலைதான் அடியோடு மாறிவிட்டது. அதனால் நமக்குக் கிடைத்தது ஏராளம். ஆனால், பழைய சாலை நமக்காகத் தானே பார்த்துக்கொண்ட ஒரு வேலை இப்போது நம் பொறுப்பாகிவிட்டது. அதை நாம் இன்னும் சரியாகக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் கவலை.

அன்று: புறப்பாடு

முதல் கேள்வி வண்டி. நண்பனின் மாமா வைத்திருந்த அம்பாசடர், இல்லாவிட்டால் யாரிடமாவது கேட்டு வாங்கிய மாருதி ஆம்னி. ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீர், மாற்று ஃபேன் பெல்ட், காற்று நிறைந்த ஸ்டெப்னி, ஜாக்கி, டார்ச் லைட் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்போம். ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்ஸும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். பணத்தைப் பிரித்து இரண்டு பேர் வைத்துக்கொள்வோம், தொலைந்தால் எல்லாமே ஒன்றாகத் தொலையக் கூடாது என்று. பிறகு கேசட்டுகள். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடும் பொறுப்பு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு. வீட்டுக்குத் தகவல் சொல்ல எஸ்.டி.டி. பூத். ராத்திரி கட்டணம் குறைவு என்பதால் அந்த நேரத்திலும் அங்கே வரிசை நிற்கும்.

அன்றைய நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை ராணிப்பேட்டையைக் கடந்ததும் சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூருக்குப் போகும். அங்கிருந்து துமகூரு, சிரா, ஹிரியூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெல்காம். பிறகு கோலாப்பூர், சத்தாரா, பூனா. பெரும்பாலும் இருவழிச் சாலைதான். இரு பக்கமும் புளியமரங்கள், அடிமரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தப் பட்டைகளைப் பார்த்துத்தான் சாலை எங்கே வளைகிறது என்று தெரிந்துகொள்வோம்.

எதிரே லாரி வந்தால் இருவரும் டிம் பண்ண வேண்டும். பண்ணாதவனுக்கு ஒரு தடவை லைட்டை அடித்து ஞாபகப்படுத்த வேண்டும். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் ஹார்ன் அடித்துக் காத்திருப்போம். எதிரே வழி இருந்தால் லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டோ கிளீனர் கையை வெளியே நீட்டி அசைத்தோ போகச் சொல்வார். முகம் தெரியாத ஒருவர் சொல்வதை நம்பி வலப்பக்கம் ஏறுவோம். அந்த நம்பிக்கையில்தான் அன்றைய இரவுப் போக்குவரத்து முழுவதும் ஓடியது.

ஊருக்கு ஊர் நிற்க வேண்டியிருந்தது. பைபாஸ் இல்லாத ஊர்களில் கடைத்தெரு வழியாகத்தான் பாதை. பிரிவு வரும் இடத்தில் டீக்கடைக்காரரிடம், “ஹுப்ளி ரோடு யாவ கடெ?” என்று தெரிந்த அரைக் கன்னடத்தில் கேட்போம். “நேரா ஹோகி” என்பார். வழி சொன்னவரிடம் டீ குடிக்காமல் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. மைல்கல்லில் தமிழ் போய்த் தெலுங்கு வரும், தெலுங்கு போய்க் கன்னடம் வரும், நிப்பாணியைத் தாண்டினால் தேவநாகரி. எழுத்து மாறும் ஒவ்வொரு இடத்திலும் வெகுதூரம் வந்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரும்.

அந்தப் பாதையில் ஒரு பஞ்சர் கடையை என்னால் மறக்க முடியாது. பாதி மண்ணில் புதைத்து வெள்ளையடித்த டயர்தான் பெயர்ப்பலகை. கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த மலையாளி அண்ணன் எங்கள் குரல் கேட்டு எழுந்தார். டியூபைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கித் திருப்பினார். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை ஊதினார். ஒட்டு போட்டு முடித்ததும் காசை வாங்கவில்லை. டிரைவர் சீட்டில் இருந்தவனின் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். “மணி மூணு. இப்ப எடுக்காதே. வெளுத்ததும் போ” என்று தன் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் சாக்கை விரித்துப் படுத்தோம். வெளுத்ததும் எழுப்பிவிட்டுத்தான் காசு வாங்கினார்.

இதையெல்லாம் சொல்வதால் அன்றைய சாலை நல்ல சாலை என்று ஆகிவிடாது. எதிரும் புதிருமாக வண்டிகள் மோதிக்கொள்வது தினசரிச் செய்தி. அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்று பயந்து பலர் விலகிப் போனார்கள். கூப்பிட இன்றைய 108 போல ஒரு ஆம்புலன்ஸ் எண் இல்லை. கல்லூரியிலும் ஆபீஸிலும் எங்களோடு சரிசமமாகப் பழகிய தோழிகளுக்கு இந்தப் பயணத்தில் இடமே இல்லை. வழியில் அவர்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது என்பதே போதுமான காரணமாக இருந்தது.

நடுவில் நடந்தது

1998இல் பிரதமர் வாஜ்பாய் அறிவித்த தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் பெரிய வேலை தங்க நாற்கரச் சாலை. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர். 1999 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பெட்ரோல், டீசல் மீது விதித்த வரியிலிருந்தும் இதற்குப் பணம் வந்தது. 2012இல் வேலை முடிந்ததாக அரசு அறிவித்தது. இதில் சென்னை - மும்பைப் பகுதி சுமார் 1,290 கிலோமீட்டர்.

பாதையே மாறியது. நாற்கரச் சாலை சித்தூர், கோலார் பக்கம் போகாமல் வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரை அடைந்தது.  2010இல் நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது, இந்தப் பாதையின் பெரும்பகுதி டெல்லியிலிருந்து சென்னை வரை நீளும் 48ஆம் எண் சாலைக்குள் வந்தது. பூனாவிலிருந்து மும்பைக்கு 2002இல் விரைவுச்சாலை முழுமையாகத் திறந்தது. கண்டாலா மலைப்பாதையில் லாரிகளின் பின்னால் ஊர்வது அதோடு ஓரளவு குறைந்தது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். லாரி வரிசையில் கார்களும் சிக்கிக்கொள்வது குறைந்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோல்கேட்டில் சில்லறை தேடும் நேரமும் மிச்சமானது.

இன்று: புறப்பாடு

சொந்த வண்டி இல்லாதவர்களும் இன்று கிளம்பலாம். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகைக் காரை போனிலேயே எடுத்துவிடலாம், ஓட்டுவது நாமே. ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஏறினால் ஒன்றையடுத்து ஒன்றாக டோல்கேட், டியூப்லெஸ் டயர், ஏ.சி., வெளிச்சமான உணவகங்கள். நடுத்திட்டில் அரளிச் செடி வரிசை எதிர் வண்டியின் வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. அன்று பெங்களூரில் விடிந்தது, இன்று விடியும்போது சித்ரதுர்கா வந்துவிடும். மலை உச்சிகளில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் அணையும் நேரம் அது.

இந்த மாற்றத்தில் என்னை அதிகம் நெகிழ வைப்பது, கூடப் போகிறவர்கள் யார் என்பதுதான். பெண்கள் ஓட்டுகிறார்கள். பெண்கள் மட்டுமே சேர்ந்தும் போகிறார்கள். ஆளுக்கொரு போன் இருக்கிறது, வண்டி எங்கே போகிறது என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏதாவது ஆனால் இந்தப் பாதையிலுள்ள மாநிலங்களில் 108, நெடுஞ்சாலைக்கென்று 1033. உதவி செய்பவருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்ந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அன்று பயந்து விலகிப் போனவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இருந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்!

போனவை

புளியமரங்கள் போய்விட்டன. மரம் நட்டு வளர்ப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்துகொள்ள, துமகூருச் சாலைக்குத் தெற்கே குதூர் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். கூலி வேலை செய்த சாலுமரத திம்மக்காவும் அவர் கணவரும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி அங்கே ஆலமரங்களை வளர்த்தார்கள். 385 மரங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். 2019இல் சாலை அகலப்படுத்தும் வேலை அவற்றை நெருங்கியபோது, அரசு மாற்று வழி தேட ஒப்புக்கொண்டது. அந்த அக்கறை நாற்கரச் சாலையின் மரங்களுக்குக் கிடைக்கவில்லை.

பைபாஸ் வந்ததும் ஊருக்குள் இருந்த டீக்கடைகள் இருட்டில் நின்றுபோயின. வழி கேட்கும் தேவையும் போனது. காருக்குள்ளும் ஒரு மாற்றம். பின் சீட்டில் இருவர் காதில் இயர்போன் மாட்டித் தூங்குகிறார்கள். முன்னால் இருப்பவன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓட்டுகிறவன் மேப்பின் குரலோடு தனியாக இருக்கிறான். சாலை வளைவதில்லை, குலுங்குவதில்லை, எதிரே ஒளி வருவதில்லை. தூக்கத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பழைய சாலை நமக்காகப் பார்த்துக்கொண்ட வேலை இதுதான். அது எங்களைத் தூங்கவிடவில்லை. குழியும் வளைவும் ஊர்களும் பஞ்சரும் அடிக்கடி நிறுத்தின. நின்ற இடத்தில் நம் கண்ணைப் பார்த்து, “போகாதே” என்று சொல்ல ஆள் இருந்தது. இப்போது சாலையும் நிறுத்தாது, ஆளும் சொல்ல மாட்டார். ஆனால் மனித உடம்பு அதே உடம்பு. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை அது தூக்கம் கேட்கும். ஓரிரு நொடி கண் செருகினால் போதும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போய்விடுவோம்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மொத்தச் சாலை நீளத்தில் சுமார் 2 சதவீதமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் அதில் 36 சதவீதம். பத்தில் ஏழு சாவுகளை அதிவேகத்தின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இதே மும்பைப் பாதையில், 2021 பொங்கலுக்கு மறுநாள் காலை, தாவணகெரேயிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்ட பள்ளித் தோழிகளின் வேன் தார்வாட் அருகே டிப்பர் லாரியோடு மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். இரு பக்கமும் சாலை அகலமாகியும் ஹூப்ளி - தார்வாட் பைபாஸ் மட்டும் அன்று இருவழியாகவே இருந்தது. அவர்களுடைய மரணத்துக்குப் பிறகுதான் அகலப்படுத்தும் கோரிக்கை டெல்லி வரை கேட்டது. படித்த பள்ளியின் நட்பைப் பல ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்த பெண்கள் அவர்கள்.

இனி

நாற்பது முதல் அறுபது கிலோமீட்டருக்கு ஓர் ஓய்விடம் என்பது நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்டம். சுத்தமான கழிப்பறையும் லாரிக்காரர்கள் படுக்க இடமும் கொண்ட அந்த ஓய்விடங்கள் எல்லாப் பகுதியிலும் வந்தாக வேண்டும். உணவகம் வைத்தால் மட்டும் ஓய்விடம் ஆகாது. லாரிக்காரர் சாலையோர இருட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினால், அந்த லாரியின் பின்னால் போய் மோதுவது நம் பிள்ளைகளின் கார்தான்.

பிள்ளைகளிடம் போகாதே என்று நான் சொல்லவே மாட்டேன். திடீரென்று கிளம்புங்கள். இருபது வயதில் நண்பர்களோடு மூன்று மாநிலம் கடந்தவனுக்கு இந்த நாடு கேள்விப்பட்ட பெயராக இருக்காது, பார்த்த ஊராக இருக்கும். ஆனால் லைசென்ஸ் உள்ள இரண்டு பேராவது வண்டியில் இருக்கட்டும். பகல் முழுக்க வேலை பார்த்தவன் முதலில் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். பக்கத்து சீட்டில் இருப்பவன் தூங்கக் கூடாது, பேச வேண்டும். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். இரண்டு மணி ஆனதும் வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, விடியும் வரை படுத்துவிட வேண்டும். “இன்னும் நூறு கிலோமீட்டர்தானே மச்சான்” என்று ஒருவன் சொன்னால், சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள இன்னொரு நண்பனுக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் உள்ளவனைத்தான் முதலில் கூப்பிட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.