சீவுளிக்கு எந்தக் கை?

பத்துப் பேரில் ஒருவர் இடக்கையர். அப்படி ஒருவர் தச்சுப் பட்டறைக்கு வந்தால் அவருக்கு முதலில் சந்தேகம் வருவது சீவுளி மேல்தான். சந்தேகம் பாதிதான் சரி.

இரும்புச் சீவுளியை எடுத்துக்கொள்வோம். இன்று உலகெங்கும் புழங்கும் அதன் அடிப்படை அமைப்பு அமெரிக்கரான லெனார்ட் பெய்லியுடையது. 1869இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. பின்னால் ஒரு பிடி, முன்னால் ஒரு குமிழ், அலகை ஏற்றி இறக்கப் பித்தளைச் சக்கரம், அலகின் சரிவைத் திருத்த இரு பக்கமும் ஆடும் நெம்புகோல். நடுவே கோடு கிழித்துப் பார்த்தால் இடப்பாதி வலப்பாதியின் கண்ணாடிப் பிம்பம். எந்தக் கை பின்பிடியைப் பற்றினாலும் அதற்குச் சம்மதமே. வலக்கையருக்காக அமைந்தது பெரும்பாலும் வேலை மேசைதான்: பலகையைக் கவ்வும் இடுக்கி அதன் இடது முனையில் இருக்கும். அதை வலது முனைக்கு மாற்றினால் வழக்கு முடிந்தது. இடக்கையருக்கென்று தனிச் சீவுளி தேடி அலைவது, இந்த வகையைப் பொறுத்தவரை, வீண்செலவு.

காடி எடுக்கும் சீவுளியிடம் இந்தச் சமாதானம் செல்லாது. பலகையின் விளிம்போடு உரசிச் செல்ல அதன் இடப்பக்கத்தில் ஒரு கட்டை உண்டு. வலக்கை பின்னாலிருந்து தள்ளும்; இடக்கை அந்தக் கட்டையைப் பலகையோடு அணைக்கும். இடக்கையர் இடக்கையால் தள்ளினால், அணைக்க வேண்டிய வலக்கை குறுக்கே போய்ச் சிக்கிக்கொள்ளும். சீவுளியையே திருப்பிப் பிடித்தால் கட்டை வலப்பக்கம் வந்துவிடும், ஆனால் அலகும் பின்னோக்கித் திரும்பிவிடும். இடக்கால் செருப்பை எப்படிச் சுழற்றினாலும் அது வலக்கால் செருப்பாகாது. அலகு சாய்வாகப் பொருத்தப்பட்டு, ஓரத்தில் படி எடுக்கும் சீவுளிக்கும் இதே கதிதான். கனடாவின் வெரிட்டாஸ் போன்ற தயாரிப்பாளர்கள் இவ்விரண்டையும் இடம், வலம் என்று தனித்தனியே செய்து விற்பதற்குக் காரணம் இதுதான்.

கருவி இடம் கொடுத்தாலும் சுற்றியுள்ள ஒழுங்கு தடுக்கலாம். நாதஸ்வர மேதை என். கே. பத்மநாதனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட யாழ்ப்பாணத்து அளவெட்டியில் இதை விளக்கத் தச்சுப் பட்டறைகூட வேண்டாம், தவில் போதும். ஒரு பக்கம் கழி, மறுபக்கம் கூடு மாட்டிய விரல்கள். இடக்கையர் பக்கம் மாற்றி வாசிக்கலாம், கருவி மறுக்காது. மேடைதான் மறுக்கும். மிருதங்கத்திலும் அப்படித்தான்: வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை என்னும் தோல்முகம் சபையைப் பார்க்க வேண்டுமானால் அவர் பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும்; அங்கே வழக்கமாக இருப்பவர் வயலின்காரர். சிலர் இடம் மாற மறுத்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் பழனியாருக்காக மேடை ஒழுங்கையே மாற்றினார்.

சரி, மரம்? மர நாரின் ஓட்டம் பலகையின் மேற்பரப்புக்கு மிக அரிதாகவே நேர் இணையாக இருக்கும். நார் மேலேறிச் செல்லும் திசையில் சீவினால் சுருள் வழுவழுவென்று வரும். எதிர்த்துச் சீவினால் அலகு நாரை நெம்பும். பிளவு அலகுக்கு முன்னே ஓடி மரத்துக்குள் இறங்கி, பள்ளம் பள்ளமாகப் பிய்த்துவிடும். இங்கே கைக்கு வேலையில்லை. இடக்கையர் பலகையைத் தலைமாற்றி வைத்துக்கொண்டால் நார் அவருக்கும் இசையும்.

ஆனால் முதிரை இருவருக்கும் இசையாது. இலங்கையின் வன்னிக் காட்டின் இந்த மரத்துக்கு இரு கைப் பழக்கமும் உண்டு என்றே சொல்லலாம். நார்கள் தண்டைச் சுற்றிச் சில காலம் இடப்புறமாகச் சரிந்து வளரும், பிறகு வலப்புறமாக, மறுபடி இடப்புறமாக. மையத்திலிருந்து மரப்பட்டையை நோக்கி அறுத்த பலகையில் இது பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒளியை ஒவ்வொரு கோணத்தில் திருப்புவதால்தான் முதிரைக்கு அந்தப் பட்டுப் பளபளப்பு. ஆங்கிலேயர் அதற்குச் சாட்டின் மரம் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். அழகுக்கான விலையைத் தச்சர் கொடுக்கிறார். எந்தத் திசையில் சீவினாலும் ஒரு பட்டை இசைய, பக்கத்துப் பட்டை பிய்யும்.

வழி இல்லாமலில்லை. அலகைத் தீட்டி, இழை போன்ற மெல்லிய சுருள் மட்டுமே வருமாறு இறக்கிவைக்க வேண்டும். அலகின் மேல் அமரும் இரும்பை வெட்டுமுனையை ஒட்டி நகர்த்த வேண்டும். நார் பிளக்க அவகாசம் இல்லாமல் சுருளை அது உடனே மடித்து முறிக்கும். அதற்கும் அடங்காத இடத்தில் சீவுளியை வைத்துவிட்டுச் சுரண்டும் தகட்டை எடுக்கிறார்கள். விளிம்பில் பிசிர் ஏற்றிய வெறும் எஃகுத் தகடு அது: இரு கையாலும் பற்றி, இரு பெருவிரல்களாலும் பின்னாலிருந்து அழுத்திச் சற்றே வளைத்துத் தள்ளுவார்கள். அதில் இடக்கைத் தகடு, வலக்கைத் தகடு என்று யாரும் செய்து விற்றதில்லை.