ஆழமே அரண்: சிங்க மீனைக் கட்டுப்படுத்துவது ஏன் கடினம்?

பவளப் பாறை இடுக்குகளில் வாழும் சிங்க மீன், செம்பழுப்பு வரிகளாலும் விசிறி போல் விரியும் துடுப்புகளாலும் காண்போரைக் கவரும். ஆனால், அதன் முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, அடித்துடுப்பில் 3 என மொத்தம் 18 நச்சு முட்கள் உள்ளன. இவை தற்காப்புக்கானவை, இரை பிடிக்க இம்மீன் நஞ்சைப் பயன்படுத்துவதில்லை.

வேட்டையாடும் முறை

அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் இது வேட்டையாடும். அகன்ற துடுப்புகளை விரித்துச் சிறு மீன்களை ஒதுக்கி, நொடிப்பொழுதில் விழுங்கிவிடும்.

இந்தியப் பெருங்கடலும் பசிபிக் பெருங்கடலும் இதன் தாயகம். அந்தமான், லட்சத்தீவு, மன்னார் வளைகுடா பகுதிகளிலும் இது வாழ்கிறது. இங்கு இதன் எண்ணிக்கை அளவோடு உள்ளது.

அட்லாண்டிக்கில் ஆக்கிரமிப்பு

அமெரிக்காவின் புளோரிடா கடலில் 1985ஆம் ஆண்டு இம்மீன் முதன்முறையாகத் தென்பட்டது. வளர்ப்புத் தொட்டிகளில் இருந்து விடப்பட்ட மீன்களே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு சுமார் 20 லட்சம் முட்டைகள் வரை இடக்கூடும். பஹாமாஸில் நடைபெற்று, 2008இல் வெளியான ஆய்வில், சிங்க மீன்கள் விடப்பட்ட பாறைகளில் புதிதாகச் சேரும் உள்ளூர் மீன் குஞ்சுகள் ஐந்து வாரங்களில் 79 சதவீதம் குறைந்தது தெரியவந்தது.

எட்டாத ஆழம்

முக்குளிப்போர் ஈட்டியால் குத்திப் பிடிப்பதே முதன்மையான கட்டுப்பாட்டு முறை. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கான எல்லை சுமார் 40 மீட்டர். சிங்க மீன்களோ சுமார் 300 மீட்டர் ஆழத்திலும் நீர்மூழ்கிக் கலங்களில் இருந்து காணப்பட்டுள்ளன. மேற்பகுதியில் பிடித்து அகற்றினாலும், ஆழத்தில் எஞ்சியவை தொடர்ந்து இனப்பெருக்கம் செய்கின்றன. இதனால், கடலடியில் விரிந்து கிடந்து, மேலே இழுக்கும்போது மூடிக்கொள்ளும் பொறிகளை அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு அமைப்பான 'நோவா' வடிவமைத்துள்ளது.

முள் தைத்தால்

கடும் வலியும் வீக்கமும் ஏற்படும். உயிரிழப்பு மிக அரிது. நஞ்சில் உள்ள புரதங்கள் வெப்பத்தில் சிதையும் என்பதால், காயம்பட்ட இடத்தை சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், தோல் புண்ணாகாத வகையில், 30 முதல் 90 நிமிடங்கள் அமிழ்த்தி வைப்பது முதலுதவி. அதன்பின் மருத்துவரை அணுக வேண்டும்.

நஞ்சு முட்களில் மட்டுமே உள்ளது. முட்களை நீக்கிய பின் இறைச்சியை உண்ணலாம் என்பதால், புளோரிடாவிலும் கரீபியன் தீவுகளிலும் இம்மீனை உணவாக்குவது ஊக்குவிக்கப்படுகிறது.