கேமராவை அணைக்கும் உத்தரவு யாருடையது?

2016 ஜூன் 28 அன்று ஆப்பிள் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. இசை நிகழ்ச்சி நடக்கும் அரங்கில் அகச்சிவப்பு ஒளியில் ஒரு சமிக்ஞையை அனுப்பினால், மேடையை நோக்கிப் பிடித்த செல்போனின் கேமரா அதை வாங்கிக்கொண்டு படமெடுப்பதை நிறுத்திவிடும் என்பது அதில் சொல்லப்பட்ட பயன்களுள் ஒன்று. 2012-இல் அதே நிறுவனம் பெற்ற வேறொரு காப்புரிமை, குறிப்பிட்ட இடத்துக்குள் வரும் செல்போன்களின் செயல்பாட்டை வெளியிலிருந்தே மாற்றுவதைப் பற்றியது. காவல்துறையோ அரசோ ரகசியமாக நடத்தும் நடவடிக்கைகளின்போது முழு முடக்கம் தேவைப்படலாம் என்றும் அந்த ஆவணம் கூறுகிறது. காப்புரிமை வாங்கியதெல்லாம் சந்தைக்கு வருவதில்லை. இவற்றை ஐபோனின் வசதியாக ஆப்பிள் அறிவித்ததும் இல்லை. ஆனால் இதற்கு நெருக்கமான தொழில்நுட்பம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அலுவலகம் தரும் செல்போனின் கேமராவை நிர்வாகம் தன் இடத்திலிருந்தே முடக்க முடியும். தென்கொரிய ராணுவ வீரர்களின் செல்போனில் நிறுவப்படும் செயலி, முகாமுக்குள் கேமராவைத் திறக்க விடாது. யார், எந்தச் சட்டத்தின்படி, யாருக்குக் கணக்குக் காட்டி இதைச் செய்யலாம் என்பதே இப்போது பேச வேண்டியது.

வழிப்போக்கர் கையில் இருக்கும் கேமரா எவ்வளவு பெறும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்றுகள் உண்டு. 2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் வால்டர் ஸ்காட் என்ற கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்ற காவலர், அவர் தன் மின்னதிர்வுத் துப்பாக்கியைப் பறித்ததால் உயிருக்கு அஞ்சிச் சுட்டதாகச் சொன்னார். ஸ்காட் முதுகைக் காட்டி ஓடும்போது சுடப்பட்டதை ஒருவர் எடுத்த வீடியோ காட்டியது. காவலருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2020 மே மாதம் மினியாபொலிஸ் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையில், ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணம் ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே சொல்லப்பட்டிருந்தது. 17 வயதுப் பெண் ஒருவர் எடுத்த வீடியோதான் அதைப் பொய்யாக்கியது. அந்த இரண்டு இடங்களிலும் கேமராவை அணைக்கும் கருவி காவலர் இடுப்பில் இருந்திருந்தால், காவல்துறை முதலில் சொன்னதே வரலாறாகியிருக்கும்.

பொது இடத்தில் கடமையிலிருக்கும் காவலரைப் படமெடுப்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தரும் உரிமை என்று, பாஸ்டனில் காவலர்களைச் செல்போனில் படமெடுத்ததற்காகக் கைதான கிளிக் என்பவரின் வழக்கில் 2011-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலரிடமிருந்து 8 அடிக்குள் நின்று படமெடுப்பதைக் குற்றமாக்கிய அரிசோனாவின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீதிமன்றம் தடுத்தது. இந்த இரண்டும் சாத்தியமானதற்குக் காரணம், எதிர்த்துப் போராட எதிரே ஒன்று இருந்தது: ஒரு கைது, எழுத்தில் ஒரு சட்டம், பொறுப்பேற்க ஓர் அதிகாரி. சமிக்ஞையில் இவை எதுவும் இல்லை. படம் பதிவாகாதபோது அது கோளாறா, தடையா என்பதுகூட உரிமையாளருக்குத் தெரியாது. எடுத்த பிறகு தவறென்றால் தண்டிப்பது சட்டத்தின் வழி. எடுக்கவே முடியாமல் செய்வது விசாரணையில்லாத முன்தடை. போதாக்குறைக்கு, முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசைத்தான், தனியார் நிறுவனத்தை அல்ல. தடையை நிறுவனமே செல்போனில் பொருத்திவிட்டால், நீதிமன்றத்தில் யாரை நிறுத்துவது என்பதே சிக்கலாகிவிடும்.

பதிப்புரிமை, பெண்களின் அந்தரங்கம், ராணுவ ரகசியம் ஆகியவற்றைக் காக்க வேண்டாமா என்று கேட்கலாம். காக்க வேண்டும், ஆனால் அதற்கு வெளிப்படையான வழிகள் உள்ளன. பல அமெரிக்க அரங்குகளில் செல்போனைப் பூட்டிய உறையில் போட்டு அவரவர் கையிலேயே தருகிறார்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டபோது, அவற்றை வாங்கி வைக்க வாசலில் ஏற்பாடு செய்யச் சொன்னது. விதி தெரிந்தே உள்ளே போகிறோம். ஏற்காவிட்டால் வழக்குப் போடலாம். காவல்துறைக்கு மட்டும் அனுமதித்தால் போதும் என்ற வாதமும் நிற்காது. 2011 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் பார்ட் ரயில் நிர்வாகம், காவலர் சுட்டதைக் கண்டித்து நடக்கவிருந்த போராட்டத்தைத் தடுக்க, சுரங்க நிலையங்களில் செல்போன் சேவையைத் துண்டித்தது. கையில் விசை இருந்தால், விமர்சனம் வரும் நேரத்தில்தான் விரல் அதைத் தேடும். தவிர, சமிக்ஞைக்குத் திருடன் யார், காவலர் யார் என்று தெரியாது. அதை நகலெடுக்கும் கொள்ளையரும் சாட்சிகளின் கேமராவை அணைக்கலாம்.

பரிகாரத்துக்கு முன்மாதிரி அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. வானொலி அலைகளை முடக்கும் ஜாமர்களை அங்கே பொதுமக்கள் பயன்படுத்தக் கூடாது. விருந்தினரின் சொந்த வைஃபை இணைப்புகளைத் தடுத்ததற்காக 2014-இல் மேரியட் விடுதி நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. கட்டடம் தன்னுடையது என்பதால் பிறர் கருவியில் கைவைக்கும் உரிமை வந்துவிடாது என்ற அந்த நியாயத்தைக் கேமராவுக்கும் சட்டமாக்க வேண்டும். உரிமையாளரின் சம்மதமின்றி முடக்குவது குற்றமாக வேண்டும். சம்மதத்தோடு முடக்கினாலும் யார் முடக்கினார்கள் என்பது திரையில் தெரிய வேண்டும், பதிவேட்டில் நிற்க வேண்டும். இந்தியாவில் இணையத்தை முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், அவை மறுஆய்வுக்கு உட்பட்டவை என்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. கேமராவுக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்பு போதாது. தனிநபர் செய்யக்கூடியவையும் உண்டு. அலுவலகக் கணக்கைச் சொந்த செல்போனில் சேர்க்குமுன் நிர்வாகத்துக்கு எந்தெந்த அனுமதி போகிறது என்று படித்துப் பாருங்கள். எடுத்த வீடியோ உடனே வேறிடத்தில் சேமிக்கப்படும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள், காவலரின் பணியைத் தடுக்காத தூரத்தில் நின்று எடுக்கலாம். கைது செய்தாலும் செல்போனுக்குள் தேடப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 2014-இல் ரைலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உரிமை மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். கிளிக்குக்கு பாஸ்டன் நகரம் 1,70,000 டாலர் கொடுத்தது. ஆனால் அந்த வழக்குக்கே ஆதாரம், அன்று அவர் கேமரா வேலை செய்தது என்பதுதான். அதனால், இந்தத் தொழில்நுட்பத்துக்கான கட்டுப்பாடு அது பரவுவதற்கு முன்பே வந்தாக வேண்டும். அணைக்கப்பட்ட கேமராவைக் கொண்டு அணைத்தவர்மீது வழக்கை நிரூபிக்க முடியாது.