செல்லுக்குள் – 9: பிணைப்பில் இல்லாத ஆற்றல்

அடினோசின் டிரைபாஸ்பேட்டின் கடைசிப் பாஸ்பேட் பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிப்படும் என்று உயிரியல் வகுப்பில் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மணி அடித்ததும் வேதியியல் வகுப்பு. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றலைச் செலவழித்தாக வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும் என்கிறார் அந்த ஆசிரியர். இரண்டையும் எழுதி இரண்டுக்கும் மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. வேதியியல் ஆசிரியர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. செல்லுக்கு வேலை செய்துகொடுக்கும் ஆற்றல் அந்தப் பிணைப்புக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. டிரைபாஸ்பேட்டுக்கும், அதிலிருந்து ஒரு பாஸ்பேட் போன பிறகு மிஞ்சும் டைபாஸ்பேட்டுக்கும் இடையே செல் விடாமல் காப்பாற்றிவரும் விகிதத்தில்தான் அது இருக்கிறது. (சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘ஏடிபி’ ஆகிவிடும் என்பதால் இந்த நீட்டல்.)

இந்த மூலக்கூறு 1929இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் லோமன் ஒரு பக்கம். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே போன எல்லாப்பிரகட சுப்பாராவும் இன்னொரு பக்கம். பிணைப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வந்தது. 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, ‘ஆற்றல் மிக்க’ பாஸ்பேட் பிணைப்பைக் குறிக்க ஒரு நெளிகோடு போட்டார். பாஸ்பேட்டை இன்னொரு மூலக்கூறுக்குக் கைமாற்றும் நாட்டம் இதற்கு அதிகம் என்பதுதான் அந்தக் கோட்டின் சாரம். பாடப்புத்தகங்கள் சாரத்தை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டன.

உண்மையில் நடப்பது இது. மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக நெருக்கியடித்து நிற்கின்றன. எதிர்மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. தண்ணீர் வந்து கடைசிப் பாஸ்பேட்டைப் பிரித்தால் அந்த நெருக்கடி தணிகிறது. பிரிந்த துண்டுகளைத் தண்ணீர் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. பழைய பிணைப்பை உடைத்த செலவு போக, புதிய நிலையில் கிடைக்கும் வரவு அதிகம். வினை முழுவதற்குமான அந்த நிகர வரவைத்தான் நாம் பிணைப்பின் பேரில் எழுதிவிடுகிறோம். திட்ட நிலையில் அது மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல். பெரிய தொகையும் அல்ல; குளுக்கோஸ் சிதைவின்போது இடையில் வரும் பாஸ்போஈனால்பைருவேட்டுக்கு இதே கணக்கு 62ஐத் தொடுகிறது.

திட்ட நிலை என்பது ஒவ்வொரு பொருளும் ஒரு மோலார் செறிவில் இருக்கும் கற்பனைக் குடுவை. உயிருள்ள செல்லில் அதே வினை ஏறத்தாழ 50 கிலோஜூல் தருகிறது. மூலக்கூறும் அதே, பிணைப்பும் அதே. கூடுதலாக 20 எங்கிருந்து வந்தது? விகிதத்திலிருந்து. வினையை அதன் போக்கில் விட்டால் டிரைபாஸ்பேட் அநேகமாக முழுவதும் சிதைந்த பிறகே சமநிலைக்கு வரும். செல்லோ டைபாஸ்பேட்டைவிட டிரைபாஸ்பேட்டைப் பல மடங்கு கூடுதலாக வைத்திருக்கிறது. கணக்குப் போட்டால், சமநிலையிலிருந்து பத்துக் கோடி மடங்குக்கும் மேல் விலகி நிற்கும் நிலை அது. சமநிலைக்கு வந்துவிட்ட குடுவையில் எஞ்சியிருக்கும் ஒருசில டிரைபாஸ்பேட்டுகளிலும் அந்தக் கடைசிப் பிணைப்பு அப்படியேதான் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு தசைநாரைக்கூட அசைக்க முடியாது. மாடித் தொட்டியின் தண்ணீருக்கும் கீழ்த் தொட்டியின் தண்ணீருக்கும் வேதியியலில் வித்தியாசம் இல்லாதது போலத்தான்.

இதெல்லாம் வெறும் சொல் சிக்கனம், தொடக்க மாணவருக்கு இவ்வளவு போதும் என்று வாதிடலாம். சிக்கனம் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லாதவரை எனக்கும் ஆட்சேபம் இல்லை. இது இழுத்துச் செல்கிறது. பிணைப்புதான் சேமிப்பு என்று நம்புகிறவர், செல் இதை மூட்டைமூட்டையாகக் குவித்து வைக்கும் என்று எதிர்பார்ப்பார். கடுமையாக உழைக்கும் தசையில் உள்ள இருப்போ சில நொடிகளுக்கே காணும். சேமிப்பு கொழுப்பிலும் கிளைகோஜனிலும் இருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விகிதம்தான் எல்லாம் என்றால், எந்த மூலக்கூறை வைத்தும் செல் பிழைக்கலாமே? கொள்கையளவில் பிழைக்கலாம். தாவரங்களின் நுண்குமிழிச் சவ்வில் வெறும் பைரோபாஸ்பேட்டைச் சிதைத்தே புரோட்டான்களை உள்ளே தள்ளும் புரதம் இருக்கிறது. ஆனால் பாஸ்பேட்டுக்கு இன்னொரு தகுதி இருப்பதை ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987இல் எடுத்துக்காட்டினார். அதைச் சூழ்ந்த எதிர்மின்னேற்றம், தாக்க வரும் மூலக்கூறுகளையும் தள்ளி நிறுத்துகிறது. ஆகவே சிதைய வேண்டிய பொருள், நொதி தொடும்வரை சிதையாமல் தண்ணீரிலேயே காத்திருக்கிறது. இந்தத் தாமதம் இல்லாவிட்டால் விகிதத்தைக் காப்பாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலைதான். அமைப்பு முக்கியம், சந்தேகமில்லை. அது முக்கியமாவது இந்த வழியில்.

என் பக்கத்துக்கு வலுவான சாட்சி கலிஃபோர்னியாவின் பால் போயரிடமிருந்து வருகிறது. மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜன்-18 அணுக்கள் தண்ணீருக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையே இடம் மாறுவதை அவர் குழு கவனித்தது. டிரைபாஸ்பேட் உற்பத்தியை நிறுத்தும் வேதிப்பொருளைச் சேர்த்த பிறகும் அந்த இடமாற்றத்தில் ஒரு பகுதி நிற்கவில்லை. அதாவது, டிரைபாஸ்பேட்டை உருவாக்கும் நொதியின் மடியில் பிணைப்பு உருவாவதும் உடைவதும் ஏறக்குறையச் செலவே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. 1973இல் போயர் முடிவாகச் சொன்னது, ஆற்றல் முக்கியமாகத் தேவைப்படுவது உருவான டிரைபாஸ்பேட்டை நொதி தன் பிடியிலிருந்து விடுவிப்பதற்குத்தான் என்பது. அந்தத் தொடர் ஆய்வுக்கு 1997இல் நோபல் பரிசு வந்தது. பிடியைத் தளர்த்தும் அந்த ஆற்றலைக் கொண்டுவருவது சவ்வைக் கடந்து பாயும் புரோட்டான்கள். அவற்றைச் சவ்வின் மறுபக்கம் குவித்து வைப்பது யார் என்ற கேள்விக்கு பீட்டர் மிட்செல் சொன்ன பதிலையும், அதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.