பெயரில் ஜோஸ்யம் இருந்தும்...!

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது புதுச்சத்திரம். ஒரு கலியாணத்துக்காக அங்கே உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். கலியாண வீட்டு அமளியைவிட எதிர் வீட்டு அமளிதான் பெரிதாக இருந்தது.

எதிர் வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பு. கிரிக்கெட்டும் ஆடுவான், ஹாக்கியும் ஆடுவான். இரண்டு பந்தயமும் ஒரே சனிக்கிழமையில் வந்து வாய்த்துவிட்டன! பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவன் தாயார் என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, பத்திரிகையில எழுதறவங்க நீங்க. எதை விடறது, எதைப் புடிக்கறதுன்னு இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. எது நல்லா முடியும்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

புத்திமதி சொல்வதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னேன். உண்மைக் கதை.

செங்கற்பட்டுப் பக்கத்தில் மொறப்பாக்கம் என்று ஒரு கிராமம். அங்கே 1909-ம் வருஷம் பிறந்தவர் கோபாலன். முழுப் பெயர், மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன். சுருக்கமாக எம். ஜே. கோபாலன்.

அந்தக் காலத்தில் பந்தாட்டத்தை நம்பினால் அடுப்பு எரியாது. ஆனால் கோபாலன் பந்து வீசும் வேகத்தை ஸி. பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் கவனித்துவிட்டார். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு ஓர் உத்தியோகத்துக்கு ஏற்பாடு செய்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பிலும் சேர்த்துவிட்டார். வயிற்றுக்கு வழி பிறந்தது. கைக்கும் வேலை கிடைத்தது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்து கோஷ்டியை எதிர்த்து இந்தியாவுக்காக ஆடினார். அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி, சேப்பாக்கம் மைதானத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் பந்தயம். ரஞ்சிக் கோப்பை என்று இன்றும் நாடெங்கும் ஆடுகிறார்களே, அதற்கு அன்றுதான் பிள்ளையார் சுழி. முதல் பந்தை வீசியவர் கோபாலன்! பெரிய கோலத்துக்கு முதல் புள்ளி வைத்தமாதிரி. மைசூர் ஒரு தடவை 48, மறு தடவை 59 ஓட்டங்களில் சுருண்டது. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து, சென்னை ஜெயித்தது.

கிரிக்கெட்டோடு நின்றாரா? இல்லை. ஹாக்கி மட்டையும் அவர் கைக்குப் பழக்கம். 1935-ல் நியூஸிலாந்து போன இந்திய ஹாக்கி கோஷ்டியில் அவரும் ஒருவர். தலைவர் யார் தெரியுமா? தியான் சந்த்! அந்தப் பிரயாணத்தில் 48 ஆட்டங்களில் 584 கோல்களைப் போட்டுத் தள்ளினார்கள்.

பிறகு வந்தது 1936. இரண்டு வாசல்களும் ஒரே சமயத்தில் திறந்தன. ஒரு பக்கம், கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுகிறது. மறு பக்கம், பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு ஹாக்கி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஒரு மனிதர் இரண்டு கப்பலில் கால் வைக்க முடியுமா?

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்ட் பந்தயங்களில் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15-ந் தேதி பெர்லினில் தியான் சந்த் கோஷ்டி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வாங்கியது.

பெயரிலேயே ஜோஸ்யம் இருந்தது. இருந்தும் என்ன பிரயோசனம்?

இதைக் கேட்டதும் அந்த அம்மாள், "ஐயோ பாவமே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அநேகமாக எல்லோரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கோபாலன் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் பதினைந்து வருஷம் கிரிக்கெட் ஆடினார். மொத்தம் 25 வருஷம்! பிறகு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்தார். தமக்குக் கிடைக்காத இடங்களை மற்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு!

அவருடைய 25 வருஷ ஆட்டத்தைக் கௌரவித்து, சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் பந்தயம் 1950-களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. இலங்கை டெஸ்ட் ஆட ஆரம்பித்தது 1982-ல். அதற்கு முந்திய காலத்தில் இலங்கை ஆட்டக்காரர்கள் கை பழகிய களங்களில் அதுவும் ஒன்று. கோபாலன் 2003 டிசம்பரில் காலமானபோது, உலகத்தில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர் என்று மதிக்கப்பட்டவர்.

தவறிப்போனது ஒரு வருஷத்துப் பதக்கம். நின்று சம்பாதித்தது கால் நூற்றாண்டு. எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்று ஏறும்போது யாருக்குத் தெரியும்? கலியாணமோ, உத்தியோகமோ, நாம் எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறோம். ஏறிய பிறகு நடுக்கடலில் நின்று மற்றக் கப்பலையே பார்த்துக்கொண்டிருப்பதில் லாபம் இல்லை.

சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஊர் திரும்பிய பிறகு டெலிபோனில் விசாரித்தேன். பையன் ஹாக்கிக்குப் போனானாம். தோற்றுவிட்டு வந்தானாம்.

"அழுதானா?" என்றேன்.

"எங்கீங்க? ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் மட்டையைத் தூக்கிட்டு மறுபடியும் கிளம்பிட்டானுங்க. இன்னும் சாப்பிடக்கூட வரலை!" என்றார் அம்மாள்.

குரலில் கோபம் இருந்தது. அதற்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.