பில்லைப் பிரிப்பதும் டிப்ஸ் கொடுப்பதும்

டாப்சிலிப், ஆழியாறு என்று கூட்டாகப் போய்வரும்போது ஆனைமலையிலோ பொள்ளாச்சியிலோ சாப்பிட உட்காருகிறோம். பில் வந்ததும் சங்கடம் தொடங்குகிறது.

ஐந்து பேருக்கு 1,050 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். இதில் 50 ரூபாய் ஜிஎஸ்டி. சமமாகப் பிரித்தால் தலைக்கு 210. நான்கு பேர் பிரியாணி சாப்பிட, ஒருவர் மட்டும் 60 ரூபாய்க்குத் தோசையும் டீயும் எடுத்திருந்தால் அவர் பங்கு வரியோடு 63 ரூபாய்தான். மீதி 147 ரூபாய் மற்றவர்களுக்காக அவர் கொடுப்பது. கையில் காசு குறைவு என்பதால் அவர் தோசையோடு நிறுத்தியிருக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அடுத்த முறை கூப்பிட்டால் "வேலை இருக்கிறது" என்பார். ஆகவே, சமமாகப் பிரிப்பதா, அவரவர் சாப்பிட்டதற்கு அவரவரா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்வோம்.

ஜிஎஸ்டி அரசுக்குப் போகிறது. சர்வீஸ் சார்ஜ் கடைக்காரர் வைப்பது. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று கூறியது; டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 எண்ணில் புகார் செய்யலாம்.

டிப்ஸ் கட்டாயமில்லை, மனமுவந்து தருவது. தருவதானால் சப்ளையர் கையிலேயே ரொக்கமாகக் கொடுப்போம். பில்லோடு சேர்த்து ஜிபேயில் அனுப்பினால் முதலாளி கணக்குக்குப் போய்விடும். மேசை துடைப்பவரையும் மறக்க வேண்டாம். கொடுக்க இயலாதவர் கூச்சப்படத் தேவையில்லை. முகம் பார்த்து நன்றி சொல்லி எழுந்தால் போதும்.